2009இல் வேலைக்கு வந்தவள், இப்போது டெட் பேப்பர் ஒன் எழுதணும்: 45 நாளில் 11 மார்க் ஏற்ற வழி உண்டா?

தேன்கனிக்கோட்டை டீச்சர்
1 அக்டோபர் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அஞ்செட்டி போகிற வழியில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. வயது 46. 1999இல் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, பத்து வருஷம் காத்திருந்து 2009இல் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தேன். அப்போது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) என்ற சொல்லே கிடையாது.

செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் என் தங்கை போன் பண்ணி, "அக்கா, டிவி பார்த்தியா?" என்று கேட்டாள். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேறவேண்டும், இல்லையென்றால் வேலையில் நீடிக்க முடியாது. எனக்கு இன்னும் 14 வருஷம் இருக்கிறது. அந்த வாரமே அவசர அவசரமாக விண்ணப்பம் போட்டுவிட்டேன். சங்கத்தில் சீராய்வு மனு, அது இது என்று பேசுகிறார்கள். அது வரும்போது வரட்டும். நவம்பர் 15 சனிக்கிழமை பேப்பர் ஒன், அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான தாள். இன்றைக்குச் சரியாக 45 நாள்.

இன்று ஆயுத பூஜை. காலையில் புத்தகத்தை எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்தேன். கும்பிட்ட புத்தகத்தை அன்றைக்கே படிக்கக்கூடாது என்று மாமியார் சொல்லியும் கேட்காமல், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு 2019 வினாத்தாளை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்த்தேன்.

உளவியல் 12, தமிழ் 19, ஆங்கிலம் 11, கணக்கு 15, சூழ்நிலையியல் (அறிவியலும் சமூக அறிவியலும்) 14. மொத்தம் 150க்கு 71. எங்கள் பிரிவுக்கு 82 வேண்டும்.

வெட்கமாக இருக்கிறது. அதிலும் உளவியல். 16 வருஷமாகப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன், அதில் 30க்கு 12. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நான்தான் பார்க்கிறேன், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொட்டே மூன்று வருஷம் ஆகிறது.

என் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழேகால் பஸ். நாலரைக்கு அங்கிருந்து கிளம்பினால் வீடு சேர ஆறு. இனி ராகி முற்றுகிற காலம், பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கும், இருட்டிய பிறகு அந்த ரோட்டில் இருக்க முடியாது. ஆகவே ஓசூரில் மாலை நேர கோச்சிங் என்று யாரும் சொல்ல வேண்டாம். மூன்று கைடு வாங்கி வைத்திருக்கிறேன், மூன்றும் சேர்ந்து 2,000 பக்கம். எதை முதலில் எடுப்பது?


மாங்கூழ்
1 அக்டோபர் 2025, இரவு 11.15

அக்கா, காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுறேன். 2013 ஆகஸ்டில் பேப்பர் ஒன், 94 மார்க், பாஸ். இன்னிக்கு வரைக்கும் அரசு வேலை இல்லை. அப்போ ப்ளஸ் டூ மார்க்கையும் டிப்ளமோ மார்க்கையும் சேர்த்து வெயிட்டேஜ் போட்டாங்க, நான் ப்ளஸ் டூவில் சுமார், அதனால் பின்னாடி போயிட்டேன். 2018இல் வேலைக்குத் தனியாப் போட்டித்தேர்வுன்னு அரசாணை. ஏழு வருஷம் செல்லும்னு இருந்த சர்டிபிகேட்டை 2021இல் ஆயுள் முழுக்கச் செல்லும்னு மாத்தினாங்க, ஆயுள் எனக்கா சர்டிபிகேட்டுக்கான்னு வீட்டில் கேட்டாங்க. 2024 ஜூலையில் அந்தப் போட்டித்தேர்வும் எழுதினேன். கொஞ்சத்தில் போச்சு. இப்போ ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார், மாம்பழ சீசனில் கூழ் பேக்டரியில் கணக்கு எழுதுறேன்.

உங்க பதிவைப் பார்த்ததும் முதலில் கொஞ்சம் வயிறு எரிஞ்சது, மறைக்க மாட்டேன். பாஸ் பண்ணினவனுக்கு வேலை இல்லை, வேலையில் இருக்கிறவங்களுக்கு பாஸ் இல்லை. ஆனா மார்க்கைப் பிரிச்சுப் போட்டீங்க பாருங்க, அதுக்காக எழுதுறேன். நிறையப் பேர் "எப்படிப் படிக்கணும்"னு மட்டும் கேட்டுட்டுப் போயிடுவாங்க.

கைடை மூடி வைங்க. கோவத்தில் சொல்லலை. தேர்வு முடிஞ்சதும் ஆசிரியர் தேர்வு வாரியம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடும், அதுக்கு நாம ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனா ஆதாரமாப் பாடப்புத்தகம், தரமான நூல் இதைத்தான் எடுத்துப்பாங்க. கைடு, நோட்ஸ் செல்லாது. சண்டை வந்தா எந்தப் புத்தகம் ஜெயிக்குமோ அந்தப் புத்தகத்தை முதலிலேயே படிச்சுடலாமே? அது உங்க பள்ளிக்கூட அலமாரியில் சும்மா கிடக்குது. நாங்க 2013இல் அந்தப் புத்தகத்துக்காக வீடு வீடாப் போய்ப் பழசு கேட்டு வாங்கினோம்.

ஒண்ணு கவனிங்க. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் புத்தகம் மூணு பருவமா வரும். இப்போ உங்க கையில் முதல் பருவம் இருக்கும், பள்ளி திறந்ததும் ரெண்டாம் பருவம் வரும். மூணாம் பருவம் ஜனவரியில்தான். தேர்வு நவம்பரில். போன வருஷத்து மூணாம் பருவப் புத்தகத்தை இப்பவே தேடி எடுங்க, இல்லைன்னா பாடநூல் கழகத் தளத்தில் இறக்கிக்கோங்க. ரொம்பப் பேர் அந்த மூணாவது பருவத்தை அப்படியே கோட்டை விடுவாங்க.

இன்னொண்ணு. பாடத்திட்டம் ஒண்ணு முதல் அஞ்சு வரைதான், ஆனா கேள்வியோட கடினம் உயர்நிலை வகுப்பு வரைக்கும் போகலாம்னு என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) வழிகாட்டுதலே சொல்லுது. அதனால் அஞ்சாம் வகுப்பில் வர்ற அதே தலைப்பு ஆறு, ஏழு, எட்டில் எங்கே வருதுன்னு பார்த்து அதை மட்டும் படிங்க. ஒளி, உணவு, நீர், சங்க காலம் இப்படி. முழுப் புத்தகமும் வேண்டாம்.

உளவியலில் 12 ஏன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. தப்பான 18இல் ஒரு அஞ்சு கேள்வியை, நீங்க போட்ட விடையோட இங்கே எழுதுங்க.


பாப்பாரப்பட்டி கணக்கு
2 அக்டோபர் 2025, காலை 6.05

டீச்சரம்மாவுக்கு வணக்கம். இன்று அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் மட்டுமில்லை, 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் பிறந்த நாளும் இதுதான். உங்கள் கிருஷ்ணகிரி எங்களைவிட்டுப் பிரிந்தது 2004 பிப்ரவரி 9. சமூக அறிவியலை இப்படி ஊரோடு கட்டிப்போட்டால் மறக்காது. எங்கள் ஊரில் சுப்பிரமணிய சிவா காலமானது 1925 ஜூலை 23. நினைவிடத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறேன், எனக்கு அந்தத் தேதி எப்படி மறக்கும்?

நான் கணக்கு மட்டும் சொல்கிறேன். 15 வாங்கியிருக்கிறீர்கள். 150 கேள்வி, 180 நிமிடம், ஒரு கேள்விக்கு 72 வினாடி. 2012 ஜூலையில் முதல்முறை வைத்தபோது இதே 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பிறகுதான் அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடியும் வைத்தார்கள். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போது நேரம் தாராளம்.

நம் வயதுக்காரர்களுக்குக் கணக்கில் தடுக்குவது பெரும்பாலும் சொல்தான். நீங்கள் படித்தபோது மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி), இப்போது புத்தகத்தில் மீ.பொ.கா. வகுத்தி போய்க் காரணி வந்துவிட்டது. கேள்வியில் அதைப் பார்த்ததும் இது என்னவோ புதுசு என்று கை நின்றுவிடும். ஐந்து, ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கணக்குப் போடாமல் முதலில் கதைப்புத்தகம் மாதிரி ஒருமுறை படியுங்கள், சொற்களுக்காக மட்டும்.

இரண்டாவது, எடுத்த எடுப்பில் சூத்திரம் வேண்டாம். "ஓசூருக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், கிருஷ்ணகிரிக்கு 18 நிமிடத்துக்கு ஒரு பஸ், இரண்டும் 8 மணிக்குச் சேர்ந்து கிளம்பின, மறுபடியும் எப்போது சேர்ந்து கிளம்பும்?" பெரியதன் மடங்குகளைச் சொல்லிக்கொண்டே போங்கள். 18, 12ஆல் வகுபடாது. 36, வகுபடும். 8.36. பத்து வினாடி. பேப்பர் ஒன்னில் பாதிக் கணக்கு இப்படி வாயாலேயே போகும். வாயால் போகாத கணக்கைத் தொடாதீர்கள், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கடைசியில் வாருங்கள்.

15ஐ 20 ஆக்குவது 45 நாளில் நடக்கும். 25 ஆக்க ஆசைப்படாதீர்கள். அந்த உழைப்பை உளவியலில் போடுங்கள்.


தேன்கனிக்கோட்டை டீச்சர்
2 அக்டோபர் 2025, மாலை 4.20

சார், தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. தம்பி, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கேட்ட கேள்விகள். வினாத்தாள் வாக்கியம் அப்படியே இல்லை, என் நினைவில் இருக்கிற மாதிரி எழுதுகிறேன்.

ஒன்று: ஒரு மாணவன் தினமும் தாமதமாக வருகிறான், ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? நான் போட்டது பெற்றோரிடம் பேசுவது. விடை, காரணத்தை அறிவது. எனக்கு இதில் கோபமே வந்தது. எங்கள் பள்ளிக்குத் தாமதமாக வருகிற பையனுக்குக் காரணம் எனக்கே தெரியும். காட்டோரம் யானை நிற்கிறதா என்று பார்த்து, பால்காரர் வந்து வழி சொன்ன பிறகுதான் அவனை அனுப்புவார்கள். அவன் அம்மாவிடம்தான் பேசவேண்டும்.

இரண்டு: கவனம் சிதறும் பிள்ளையைப் பற்றிய கேள்வி. முன் வரிசையில் உட்கார வைப்பது என்று போட்டேன். நாங்கள் அப்படித்தான் செய்வோம். விடை, கற்பித்தல் முறையை மாற்றுவது.

மூன்று: உளவியலாளர் பியாஜே சொன்ன வளர்ச்சி நிலை. எட்டு வயதுப் பிள்ளை எந்தப் பருவம்? பெயர் எல்லாம் ஒன்று மாதிரியே இருக்கிறது.

நான்கு: வைகாட்ஸ்கி. சாரக்கட்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை. கட்டட வேலை மாதிரி இருந்தது.

ஐந்து: தார்ண்டைக்கின் விதிகளில் எது இல்லை என்று. தயார்நிலை, பயிற்சி, விளைவு என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.


மாங்கூழ்
2 அக்டோபர் 2025, இரவு 10.30

நினைச்சது சரி. அக்கா, உங்க அஞ்சு தப்பும் ரெண்டு ஜாதி. கடைசி மூணும் படிக்காததால் தப்பு. முதல் ரெண்டும் படிக்காததால் இல்லை, பதினாறு வருஷம் பாடம் நடத்தினதால் தப்பு.

தாமதமா வர்ற பையன் கேள்வியை மறுபடியும் படிங்க. அந்தக் கேள்வியில் இருக்கிற ஆசிரியருக்கு அந்தப் பையனை இப்பத்தான் தெரியும். அவருக்கு யானை தெரியாது, பால்காரர் தெரியாது, அவன் அம்மாவைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதனால் நீங்க ஒரு படி தாண்டி ரெண்டாவது படிக்குப் போயிட்டீங்க. கேள்வி கேட்டது "முதலில்". அந்த ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போடுங்க. முதலில், சிறந்த, பொருத்தமற்ற, தவிர, இந்த நாலும் எங்கே வந்தாலும் பேனா அங்கே நிக்கணும்.

2013இல் எங்க ஹாலில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, தனியார் பள்ளியில் இருபது வருஷ சர்வீஸாம். வெளியே வந்ததும் "உளவியல் ரொம்ப ஈஸிப்பா, எல்லாம் நம்ம தினமும் பண்றதுதான்"னாங்க. எனக்கு அப்பவே பயமா இருந்தது. எனக்கு அப்போ வகுப்பு அனுபவமே இல்லை, 26 வயசு. அதனால் புத்தகம் சொன்னதை அப்படியே நம்பிப் போட்டேன். உளவியலில் 24. இப்போ எழுதினா குறையும்னு நினைக்கிறேன், இப்போ எனக்கும் பசங்களைத் தெரியுமே.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து, பக்கத்தை ரெண்டாப் பிரிங்க. இந்தப் பக்கம் "நான் செய்வது", அந்தப் பக்கம் "தாள் சொல்வது". தப்பான ஒவ்வொரு வகுப்பறைக் கேள்விக்கும் ரெண்டையும் எழுதுங்க. பத்துப் பதினைந்து எழுதினதும் தாள் எப்படி யோசிக்குதுன்னு தெரிஞ்சுடும். தண்டனை வர்ற விடை எப்பவும் தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு, உடம்பையும் வருத்தக்கூடாது, மனசையும் வருத்தக்கூடாது. பிள்ளையைப் பிள்ளையோட ஒப்பிடுற விடை தப்பு. பொறுப்பைத் தலைமையாசிரியர்கிட்டயோ பெற்றோர்கிட்டயோ தள்ளிவிடுற விடை பெரும்பாலும் தப்பு. பிள்ளையே செஞ்சு பார்க்கிற மாதிரி ஒரு விடை இருந்தா அதை ரெண்டு தடவை பாருங்க. (அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு வழியாத்தான் இந்தத் தேர்வே நம்ம தலைக்கு வந்தது, அதையும் சேர்த்துப் படிச்சுக்கோங்க, கேட்டாலும் கேட்பாங்க.)

இப்போ பியாஜே. பேர்தான் குழப்பம், நிலை நாலுதான். பிறந்ததிலிருந்து ரெண்டு வயசு வரை புலன் இயக்கம். ரெண்டிலிருந்து ஏழு, மனச் செயல்பாட்டுக்கு முந்தையது. ஏழிலிருந்து பதினொண்ணு, கண்ணால் பார்க்கிறதை வெச்சு யோசிக்கிற பருவம். பதினொண்ணுக்கு மேல் முறையான செயல்பாடு. ஒரு புத்தகத்தில் பருப்பொருள்னு இருக்கும், இன்னொண்ணில் புலனீடானதுன்னு இருக்கும், இன்னொண்ணில் ஒரு முழு வாக்கியமே பேரா இருக்கும். பேரை மனப்பாடம் பண்ணாதீங்க, வயசைப் பிடிங்க. பேப்பர் ஒன் கேட்கிறது 6 முதல் 11 வயசுப் பிள்ளை, அதனால் ஏழாவது வயசு எல்லைதான் முக்கியம். எரிக்சனிலும் அதே வயசுதான், ஊக்கமா தாழ்வுணர்ச்சியாங்கிற கட்டம்.

ஏழாவது வயசில் என்ன மாறுதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்காதீங்க, வீட்டில் பண்ணிப் பாருங்க. எங்க அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஒரே மாதிரி ரெண்டு டம்ளரில் சமமாத் தண்ணி ஊத்தினேன். சமமான்னு கேட்டேன், ஆமான்னா. அவ கண்ணெதிரே ஒரு டம்ளர் தண்ணியை ஒல்லியா உயரமா இருக்கிற பாட்டிலில் ஊத்தினேன். இப்போ எதில் நிறைய? பாட்டிலில். மறுபடி டம்ளரில் ஊத்தினேன், சமம். மறுபடி பாட்டில், நிறைய. நாலு தடவை. அஞ்சாவது தடவை "மாமா உனக்கு வேற வேலை இல்லையா"ன்னுட்டா. அவங்க அண்ணன் ஒன்பது வயசு, கேட்டதும் "ரெண்டும் அதே தண்ணிதானே"ன்னான். அளவு மாறாமைன்னு புத்தகத்தில் வர்ற சொல்லுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

சாரக்கட்டு கட்டட வேலைதான் அக்கா, நீங்க சரியாத்தான் புரிஞ்சிருக்கீங்க. சுவர் நிக்கிற வரைக்கும் சாரம், நின்னதும் பிரிச்சுடணும். பிள்ளை தானே செய்ய முடிஞ்சதுக்கும், யாராவது கொஞ்சம் கைகொடுத்தா செய்ய முடியறதுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் அண்மை வளர்ச்சி மண்டலம். நீங்க எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைங்க படிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உட்கார வைக்கிறீங்களே, அதை நினைச்சுக்கோங்க.


ஓசூர் தெலுங்கு
4 அக்டோபர் 2025, மதியம் 1.10

நமஸ்காரம் டீச்சர். நான் தெலுங்கு மீடியம் படிச்சவன், மொழித்தாளா தெலுங்கு எடுத்து 2017இல் எழுதினேன். தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது எல்லாமே மொழிப்பாடமா எடுக்கலாம்னு இன்னும் நம்ம தளி பக்கம் பல பேருக்குத் தெரியாது. நீங்க தமிழ்னு போட்டிருப்பீங்க, சரி.

படிப்பு விஷயம் மேலே ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நான் சொல்ல வந்தது ஓஎம்ஆர், விடைக்கு வட்டத்தை நிழலிடுற தாள். போன தடவை கம்ப்யூட்டரில் வெச்சாங்க, இந்தத் தடவை மறுபடி ஓஎம்ஆர். நீங்க வீட்டில் எழுதிப் பார்த்தப்போ வட்டத்தை நிழலிட்டீங்களா, இல்லை கேள்வித்தாளிலேயே டிக் அடிச்சீங்களா? டிக் அடிச்சிருந்தா உங்க 71 நிஜ 71 இல்லை. 150 வட்டம் நிரப்ப எனக்கு 14 நிமிஷம் ஆகும், வாட்ச் வெச்சுப் பார்த்தேன்.

எனக்கு நடந்தது இது. 61ஆவது கேள்வி தெரியலை, விட்டுட்டேன். 62க்கான விடையை 61இல் நிரப்பிட்டேன். அப்படியே போய் 98ஆவது கேள்வியில்தான் பார்த்தேன், ஓஎம்ஆரில் 97 நிக்குது. கருப்புப் பந்துமுனைப் பேனா, அழிக்க வழியில்லை. அந்த 37 கேள்வி போனது போனதுதான். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துட்டேன், ஓசூர் பஸ் மூணு போச்சு. 2019இல்தான் பாஸ்.

அதனால் கேள்வியை விடாதீங்க. நெகட்டிவ் மார்க் கிடையாது, தெரியலைன்னாலும் அப்பவே ஒண்ணை நிரப்பிடுங்க, கேள்வித்தாளில் மட்டும் சுழிச்சு வெச்சுக்கோங்க. பத்துப் பத்துக் கேள்விக்கு ஒரு தடவை நம்பரை விரலால் தொட்டுப் பாருங்க. ஓஎம்ஆர் மாதிரித்தாளை ஜெராக்ஸ் எடுத்து வெச்சு, இனி எழுதுற ஒவ்வொரு பழைய தாளையும் அதிலேயே எழுதுங்க.

ஆங்கிலம் 11 பத்தி யாரும் சொல்லலையே. நானும் அதில்தான் வீக். ஒரு வழி சொல்றேன். நாலாம், அஞ்சாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தின் பாடத்துக்குப் பின்னாடி வர்ற பயிற்சி மட்டும் தினம் ரெண்டு பக்கம், பேனாவால் எழுதியே போடுங்க. பிரிபொசிஷன், ஆர்ட்டிகிள், டென்ஸ், பன்மை, இதிலேயே 15 தேறும். பத்தி படிச்சு விடை எழுதுறதில் கேள்வியை முதலில் படிச்சுட்டுப் பத்திக்குப் போங்க.


தேன்கனிக்கோட்டை டீச்சர்
26 அக்டோபர் 2025, காலை 5.30

தீபாவளி முடிந்து இன்றுதான் உட்கார்ந்தேன். 2017 தாளை எழுதினேன், இந்தத் தடவை ஓஎம்ஆர் ஜெராக்ஸில். உளவியல் 19, தமிழ் 21, ஆங்கிலம் 13, கணக்கு 17, சூழ்நிலையியல் 15. மொத்தம் 85.

துள்ளிக் குதிக்கவில்லை. இதே தாளின் நாலைந்து கேள்வி கைடில் ஏற்கனவே கண்ணில் பட்டவை. நிஜம் 80, 81 என்று வைத்துக்கொள்கிறேன். ஓசூர் சார், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டும் 43இல் ஒரு வட்டத்தை இரண்டு முறை நிரப்பி வைத்தேன்.

தம்பியின் ரெண்டு பக்க நோட்டில் 31 வரி சேர்ந்திருக்கிறது. "நான் செய்வது" பக்கத்தைப் படித்தால் எனக்கே சில இடத்தில் சங்கடமாக இருக்கிறது. சில இடத்தில் நான் செய்வதுதான் சரி என்று இப்போதும் தோன்றுகிறது. அந்த வரிகளுக்கு நேரே ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன், தேர்வு முடிந்து பார்த்துக்கொள்கிறேன்.

சூழ்நிலையியல்தான் நகர மாட்டேன் என்கிறது. கடையெழு வள்ளலில் அதியமானைக் கேட்டால் நம்மூர்க்காரர், நெல்லிக்கனி, ஒளவையார், தகடூர் எல்லாம் தூக்கத்தில் சொல்வேன். பாரி பறம்பு, ஓரி கொல்லி, பேகன் மயில். நள்ளியைக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.


பாப்பாரப்பட்டி கணக்கு
26 அக்டோபர் 2025, காலை 7.15

14இலிருந்து 15. அங்கேதான் இன்னும் மூன்று மார்க் இருக்கிறது, டீச்சரம்மா. கணக்கை 17இல் நிறுத்திவிட்டு இனி பஸ்ஸில் சமூக அறிவியல் மட்டும். தெரியாத மூன்று வள்ளலை மட்டும் ஒரு சீட்டில் எழுதி டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டுங்கள். அதியமானை எழுதாதீர்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

அறிவியலில் மூன்றாம் பருவம் படித்தாயிற்றா?


தேன்கனிக்கோட்டை டீச்சர்
26 அக்டோபர் 2025, இரவு 8.50

இல்லை சார். அலமாரியில் அறிவியல் மட்டும் கிடைக்கவில்லை. போன வருஷம் ஐந்து முடித்த ஒரு பெண்ணின் வீட்டில் கேட்டிருக்கிறேன். மூன்றாம் பருவத்தில் நடுவில் எட்டுப் பக்கம் அடுப்புக்குப் போய்விட்டதாம், மிச்சம் நாளை வரும். அந்த எட்டுப் பக்கத்தைப் போனில் பார்த்துக்கொள்கிறேன்.


மாங்கூழ்
27 அக்டோபர் 2025, காலை 6.40

அக்கா, இனி புதுசா எந்த உளவியலாளர் பேரும் வேண்டாம். யார் எதை வெச்சுச் சோதிச்சாங்கன்னு மட்டும் போதும்: பாவ்லவ் நாய், தார்ண்டைக் பூனை, ஸ்கின்னர் எலியும் புறாவும், கோஹ்லர் குரங்கு. கோல்பர்க் ஒழுக்க வளர்ச்சி மூணு நிலை, ஒவ்வொண்ணிலும் ரெண்டு படி. கார்ட்னர் 1983, முதலில் ஏழு நுண்ணறிவு, அப்புறம் இயற்கையைச் சேர்த்து எட்டு. நுண்ணறிவு ஈவு கணக்கு, மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கு. இதுக்கு மேல் வர்ற ரெண்டு கேள்வி போனாப் போகட்டும்.

தண்ணி டம்ளர் பண்ணிப் பார்த்தீங்களா?


தேன்கனிக்கோட்டை டீச்சர்
29 அக்டோபர் 2025, இரவு 8.15

இன்றைக்குத்தான் செய்தேன் தம்பி. வீட்டில் சின்னப் பிள்ளை இல்லை, ஆகவே பள்ளியில். காலை உணவு முடிந்து கழுவி வைத்த டம்ளர் இரண்டு, என்னுடைய தண்ணீர் பாட்டில் ஒன்று. ஒன்றாம் வகுப்பில் ஐந்து பேர், மூன்றாம் வகுப்பில் நாலு பேர். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

ஒன்றாம் வகுப்பு ஐந்து பேரும் பாட்டிலில்தான் நிறைய என்றார்கள். புத்தகம் எழுதினவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த மாதிரி. எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துவிட்டது. டிப்ளமோவில் படித்தபோது ஒருநாளும் இப்படித் தோன்றியதில்லை.

மூன்றாம் வகுப்பில் மூன்று பேர் சமம் என்றார்கள். நாலாவது, அந்தத் தாமதமாக வருகிற பையன். பாட்டிலைப் பார்த்தான், காலி டம்ளரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான். பாட்டிலில்தான் கம்மி என்றான். ஏன்டா என்றேன்.

"டம்ளர்ல கொஞ்சம் தண்ணி ஒட்டினு இருக்குது டீச்சர். அப்ப அதுல கம்மிதானே?"

இதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?